கடலில்லாத ஊரில் அளந்த காத்தாடி

அந்தப் படகை நான் முதலில் பார்த்தது ஒரு பனியன் கம்பெனியின் வாசலுக்குள், நூல் லாரிகள் வந்து நிற்கிற இடத்தில். முப்பத்திரண்டு அடி நீளம். மரக்கட்டைகள் அடுக்கி அதன்மேல் தூக்கி வைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்த பெண்கள் அதைச் சுற்றி நின்று, அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். திருப்பூரில் ஒரு படகு நின்றால் யாருக்குத்தான் தொட்டுப் பார்க்கத் தோன்றாது?

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. மின்வெட்டு ஊரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. நான் ஜெனரேட்டர் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்திருந்ததால், கம்பெனிக்குக் கம்பெனி ஸ்கூட்டரில் போய், அங்கே ஓடுகிற தையல் மெஷின்களையும் மோட்டார்களையும் எண்ணி, எத்தனை பெரிய ஜெனரேட்டர் தேவைப்படும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. தேவைக்கு மேல் பெரிதாக வாங்கினால் டீசல் வீண். சிறிதாக வாங்கினால் என்ஜின் திணறும், கரும்புகை கக்கும், சீக்கிரமே செத்துப்போகும். தினமும் இதே கணக்குதான். காலையில் வண்டியை எடுக்கும்போதே எனக்கு இருப்புக் கொள்ளாது. வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். என்ன செய்ய என்று கேட்டால் பதில் தெரியாது. வீட்டில் மூன்று வயது மகள், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்த கணவர். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் உட்கார்ந்த இடத்தில் என்னால் உட்கார முடிந்ததில்லை.

ஒரு நாள் எங்கள் கடைக்காரர் கூப்பிட்டார். “அந்த எக்ஸ்போர்ட்காரரு நம்மகிட்ட ரெண்டு டீசல் என்ஜின் சொல்லி வாங்கினாரல்லங்க, அது படகுக்காம். அதுல என்னமோ அளவு தெரியலையாம். நீங்க போய்ப் பாத்துட்டு வந்துருங்க.”

படகு நின்ற அந்தப் பனியன் கம்பெனியின் முதலாளிக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. நின்றுகொண்டேதான் பேசுவார், பேசிக்கொண்டே நடப்பார். நானும் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

“வாங்க அம்மிணி. நெஞ்சுல ரெண்டு ஸ்பிரிங் வெச்சுட்டாங்க. ஓய்வா இருக்கோணும்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. ஊட்டுல உக்காந்தா ஓய்வு வருங்களா? அதான் படகு வாங்கிட்டேன். தண்ணி மேல போனா மனசு அடங்குமாம்.”

“படகு இங்க எதுக்குங்க? கடல் அங்க இருக்குதுங்களே?”

“அங்க உட்டுட்டு வந்தா வேலை நடக்காதுங்க. கண்ணு முன்னால இருந்தாத்தான் எனக்கு ஆகும்.”

தூத்துக்குடியில் பழைய படகாக வாங்கியிருந்தார். அவருடைய துணிப்பெட்டிகள் எல்லாம் கப்பல் ஏறுவது அந்தத் துறைமுகத்தில்தான். படகில் இருந்த பழைய என்ஜின்கள் இரண்டும் தேய்ந்துபோனவை. அவற்றை எடுத்துவிட்டு எங்கள் கடை மூலம் வாங்கிய, அதைவிடச் சக்தி கூடிய இரண்டு டீசல் என்ஜின்களை வைக்க வேண்டும். அந்த வேலைக்காகவே படகை லாரியில் ஏற்றித் திருப்பூருக்குக் கொண்டுவந்துவிட்டார். கூடவே படகோட்டி ஒருவரும் வந்திருந்தார். தூத்துக்குடிக்காரர், நாற்பது வயதுக்காரர். படகின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து கேட் வரை நடந்துவிட்டு வருவார்.

“பத்து நாளாச்சும்மா தண்ணியப் பாத்து” என்றார் என்னிடம். “இங்க காத்துல உப்பே இல்ல. தூங்கவும் முடியல, முழிச்சிருக்கவும் முடியல. சீக்கிரம் காத்தாடிக்கு அளவச் சொல்லுங்க, நான் ஊருக்குப் போவணும்.”

காத்தாடி என்று அவர் சொன்னது ப்ரொப்பெல்லரை. என்ஜின் சுற்ற, தண்டு சுற்ற, அதன் நுனியில் தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளுகிற வெண்கல இறக்கைகள். இரண்டு என்ஜினுக்கு இரண்டு காத்தாடி. ஒன்று வலப்பக்கமாகச் சுற்றினால் மற்றது இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் படகு ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். என்ஜின் மாறியதால் பழைய காத்தாடிகள் உதவாது. கோயம்புத்தூரில் ஒரு வார்ப்படக்காரர் புதிதாக வார்த்துத் தர ஒப்புக்கொண்டிருந்தார். அவர் கேட்டது இரண்டே எண்கள்தான். அந்த இரண்டு எண்களும் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்கும் தெரியாது. கடலையே பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு தரம் பார்த்ததோடு சரி. நீச்சலும் தெரியாது. ஆனால் “தெரியாதுங்க” என்று சொல்ல வாய் வரவில்லை. “ஒரு வாரம் குடுங்க” என்றேன். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் எனக்கு வண்டியை வேகமாக ஓட்டத் தோன்றியது.

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து படித்தேன். காகிதம் காகிதமாக அச்செடுத்தேன். அந்த இரண்டு எண்களில் ஒன்று விட்டம். மற்றது பிட்ச் என்பது. மரத்தில் திருகாணியைத் திருகினால் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று உள்ளே ஏறுமே, அதுபோலக் காத்தாடி ஒரு முறை சுற்றும்போது வழுக்காமல் எத்தனை அங்குலம் முன்னே போகும் என்பதுதான் பிட்ச். ஆனால் தண்ணீர் மரமில்லை, வழுக்கும். எவ்வளவு வழுக்கும் என்பது படகின் எடையையும் உருவத்தையும் பொறுத்தது. பிட்ச் அதிகமாகிவிட்டால் என்ஜின் தன் முழு வேகத்தைத் தொட முடியாமல் திணறும். குறைந்துவிட்டால் என்ஜின் வெறுமனே பறக்கும், படகு போகாது. முழு பாரத்தோடு முழு விசை கொடுக்கும்போது என்ஜின் தனக்கு விதித்த சுற்றைச் சரியாகத் தொட வேண்டும். எங்கள் என்ஜினுக்கு அது நிமிஷத்துக்கு இரண்டாயிரத்து அறுநூறு.

விட்டம் சுலபமாக முடிந்தது. படகுக்கு அடியில் டேப்போடு மல்லாந்து படுத்து அளந்தேன். இறக்கையின் நுனிக்கும் படகின் அடிக்கும் நடுவில் விட வேண்டிய இடம் போக, இருபத்திரண்டு அங்குலத்துக்கு மேல் வழியில்லை. பிட்ச்சுக்குத்தான் எடை தேவைப்பட்டது. படகின் எடை யாருக்கும் தெரியவில்லை. விற்றவர் ஒன்று சொன்னார், படகோட்டி ஒன்று சொன்னார்.

“எடை போட்டுருவோமுங்க” என்றேன்.

முதலாளி நடையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மறுநாளே கிரேன் வந்தது. புது என்ஜின்களோடு படகை லாரியில் ஏற்றி, காங்கேயம் ரோட்டில் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலையின் எடைமேடைக்குக் கொண்டு போனோம். கொப்பரை மூட்டை ஏற்றிய லாரிகள் வரிசையில் நின்றன. எங்கள் முறை வந்ததும் மேடைக்காரர் கண்ணாடி ஜன்னல் வழியே வெகுநேரம் பார்த்தார்.

“ஏனுங்க, சரக்கு என்னன்னு எழுதறதுங்க?”

“படகுன்னு எழுதுங்க” என்றார் முதலாளி.

அவர் ரசீதில் இதர சரக்கு என்று எழுதினார். படகை இறக்கிவிட்டுக் காலி லாரியை மறுபடி கொண்டுபோய் எடை போட்டோம். கழித்துப் பார்த்ததில் இரண்டு பேர் சொன்னதைவிடவும் படகு கனமாக இருந்தது. டீசல் டேங்க், தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டேன். மூன்று விதமாகப் போட்டேன். மூன்றிலும் பதினெட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. இருபத்திரண்டு விட்டம், பதினெட்டு பிட்ச்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

“பதினெட்டுங்களா? கொச்சியில எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு இதே மாதிரி படகு வெச்சிருக்காரு. இருபது போடச் சொல்றாரு. பெருசு போட்டா வேகமாப் போகுமல்லங்க?”

“அவங்க படகு எடை கம்மியா இருக்குமுங்க. நம்முளுதுக்கு இருபது போட்டா என்ஜின் இழுக்காதுங்க.”

“ரெண்டு இஞ்சுல என்னங்க ஆயிரப்போவுது? இருபதுன்னே எழுதுங்க.”

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குறை சொல்லும் சுபாவமில்லாதவர். யோசித்துத்தான் கேட்டார்.

“நாங்க துணிய வெட்டறதுக்கு முன்னாடி ஒரு துண்ட தொவைச்சுக் காயப்போட்டு, எவ்வளவு சுருங்குதுன்னு பாத்துட்டுத்தான் அளவு போடுவோம். காகிதத்துல எழுதியிருக்கறதை நம்பி வெட்டுனா மொத்தமும் போயிரும். நீ தண்ணியையே பாக்காம எப்படிப் போடறே?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நான் யார்? தண்ணீரைப் பார்க்காதவள், பிரவுசிங் சென்டரில் படித்தவள். கொச்சிக்காரர் படகே வைத்திருக்கிறவர். அடுத்த நாள் எங்கள் கடைக்காரரும் “கஸ்டமர் கேக்கறதைக் குடுங்க, நமக்கென்ன?” என்றார். வார்ப்படக்காரருக்கு அனுப்பும் தாளில் பிட்ச் என்ற இடத்தில் இருபது என்று எழுதினேன். எழுதிய கையெழுத்து என்னுடையது.

காத்தாடிகள் வார்த்து வர ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. சாயப்பட்டறைகளில் மோட்டார்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது பாதியில் எண்ணிக்கை விட்டுப்போகும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். நாலைந்து தரம் போனைக் கையில் எடுத்தேன், வார்ப்படக்காரரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லலாம் என்று. ஒரு தரம் மணிகூட அடித்தது. எதிர்முனையில் எடுத்ததும் “எப்பக் கெடைக்குமுங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன். மகள் ஏதாவது கேட்டால் இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் காதில் விழும். ஒருவேளை இருபதே சரியாக இருந்துவிடலாம் என்று சில நாள் நம்பினேன். சில நாள் இரண்டு என்ஜினும் வெந்துபோவது போல நினைத்துக்கொண்டேன்.

பளபளவென்று இரண்டு காத்தாடிகளும் வந்து இறங்கியபோது கம்பெனியே கூடிப் பார்த்தது. முதலாளி ஒரு இறக்கையைத் தடவிப் பார்த்து, “நகை மாதிரி இருக்குதுங்க” என்றார். படகோட்டி மட்டும் குனிந்து பக்கவாட்டில் வெகுநேரம் பார்த்துவிட்டு, “கொஞ்சம் மடக்கு ஜாஸ்தியோ?” என்று என்னைப் பார்த்தார். பிட்ச்சைத்தான் அவர் மடக்கு என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தூத்துக்குடியில் படகைக் கடலில் இறக்கிய அன்று நானும் போயிருந்தேன். முதலாளி, அவர் மனைவி, படகோட்டி, நான் என்று நாலு பேர். என்ஜின்களைப் பார்த்துச் சொல்லத்தான் என்னை அழைத்திருந்தார். காலை பத்து மணி. அலை அதிகமில்லை. உயிர் காக்கும் சட்டையை இரண்டு தரம் இழுத்துக் கட்டிக்கொண்டேன். முதலாளியின் மனைவி நல்ல பட்டுச்சேலை கட்டி, கையில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தார்.

மெதுவாகப் போகும்போது எல்லாம் நன்றாகவே இருந்தது. இரண்டு என்ஜினும் ஒரே சீராக ஓடின. ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதிகூட வந்தது. துறைமுகச் சுவரைத் தாண்டியதும் முதலாளி சொன்னார்: “இப்ப முழுசாக் குடுங்க.”

படகோட்டி இரண்டு என்ஜினின் விசைப்பிடிகளையும் முன்னே தள்ளினார். என்ஜின் சுற்றைக் காட்டும் முள் ஏறியது. ஆயிரத்து எண்ணூறு, இரண்டாயிரம், இரண்டாயிரத்து இருநூறு. அதற்கு மேல் இழுத்து இழுத்து ஏறி, இரண்டாயிரத்து முந்நூறில் நின்றுவிட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் மேல் கரியாக இரண்டு புகைக்கோடுகள். படகின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, பின்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்து உழுதுகொண்டிருந்தது. திணறுகிற என்ஜினின் சத்தம் எனக்குப் பழகிய சத்தம். எத்தனையோ கம்பெனிகளின் பின்வாசலில் அதைக் கேட்டிருக்கிறேன்.

“ஏனுங்க, வேகம் வரலையே? இன்னும் தள்ளுங்க!”

“தள்ளியாச்சு மொதலாளி. இதுக்கு மேல இல்ல.”

வலது என்ஜினின் சூடு ஏறிக்கொண்டிருந்தது. “குறைங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “இருங்க அம்மிணி, சூடானாத்தான் எடுக்கும்” என்று முதலாளி விசையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டார். அபாய மணி கத்தத் தொடங்கியது. படகோட்டி என் முகத்தையே பார்த்தார். நான் எழுந்து, தடுமாறி, முதலாளியின் கையோடு சேர்த்துப் பிடித்து இரண்டு விசைகளையும் பின்னுக்கு இழுத்தேன். அவர் கையை நான் தொட்டது அதுதான் முதலும் கடைசியும். வலது என்ஜினை அணைத்தேன்.

சட்டென்று அமைதியானது. படகு ஆடத் தொடங்கியது.

“என்னங்க பண்றீங்க?” என்றார். கண்கள் சிவந்திருந்தன.

“நான் போட்ட கணக்குல பதினெட்டுத்தான் வந்துச்சுங்க. இருபது தப்புன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க. நீங்க சொன்னீங்கன்னு பயந்துட்டு எழுதிட்டேன். எழுதியிருக்கக் கூடாதுங்க.”

பதில் சொல்ல வாய் திறந்தவர், படகின் ஓரத்துக்கு ஓடி வாந்தி எடுத்தார். படகோட்டி அவர் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டார். மனைவி எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி அவர் மூக்கருகே நீட்டிவிட்டு, என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“முப்பது வருசமா நான் சொல்லாததைச் சொல்லிப்போட்டயே கண்ணு. இவருக்கு எதுலயும் ரெண்டு இஞ்சு சேத்தி வேணும்.”

ஒற்றை என்ஜினில் கரைக்குத் திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது. படகு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போக, படகோட்டி எதிர்ப்பக்கம் சுக்கானைப் பிடித்தபடி நின்றார். வேலை போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டேன். வருத்தம் வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது.

கரையில் இறங்கி, ஒரு சோடா குடித்து, முகம் கழுவிய பிறகு முதலாளி என் எதிரில் வந்து நின்றார். முதன்முறையாக நடக்காமல் நின்றார்.

“இப்ப என்ன பண்றதுங்க? புதுசா வார்க்கோணுமா?”

“வேண்டாம் மொதலாளி” என்று படகோட்டி குறுக்கிட்டார். “இங்கன ஒரு பட்டறை இருக்கு. சூடு காட்டி அடிச்சி மடக்கக் குறைச்சித் தருவாவ. ரெண்டு இஞ்சு தாராளமாக் கொறைக்கலாம்.”

“அப்பவே எதுக்குச் சொல்லல நீங்க?”

“நீங்க யாரு சொல்லிக் கேட்டிய?”

படகைக் கரையேற்றி, காத்தாடிகளைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். நான் மூன்று நாள் அங்கேயே தங்கினேன். கணவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னபோது அவர், “நனைச்சுப் பாத்தாச்சல்ல, இனி அளவு வந்துரும். பாப்பா நல்லாத்தான் இருக்கறா, முடிச்சுட்டே வா” என்றார். பட்டறைக்காரர் ஒவ்வொரு இறக்கையாகச் சூடேற்றி, அச்சின் மேல் வைத்து அடித்து, அளவுகோலால் பார்த்து, மறுபடி அடித்தார். இரண்டு காத்தாடிகளுக்கும் சேர்த்து ஆறு இறக்கைகள். ஒவ்வொன்றையும் நானும் அளந்தேன். ஒரு இறக்கை மயிரிழை கூடுதலாகப் பட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு சொன்னேன். அவர் முறைத்துவிட்டு மறுபடி அளந்து பார்த்தார். “ஆமாமா” என்று சொல்லி அதைத் திரும்பவும் நெருப்பில் வைத்தார்.

நாலாம் நாள் மறுபடி கடல். டேங்க் நிறைய டீசல், அதே நாலு பேர். முதலாளி வாந்திக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, விசைக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்தார். படகோட்டி விசைகளைத் தள்ளினார். போன தடவை நின்றுபோன இரண்டாயிரத்து முந்நூறு வந்தது. முள் நிற்கவில்லை. இரண்டாயிரத்து ஐநூறு. பிறகு இரண்டாயிரத்து அறுநூறுக்கு ஒரு நூல் கீழே போய் நின்றது, இரண்டு என்ஜினிலும். திரும்பிப் பார்த்தேன். புகை இல்லை. வெள்ளை நுரை மட்டும் இரண்டு கோடாக நீண்டு கிடந்தது. படகின் மூக்கு இறங்கி, படகு தண்ணீர் மேல் ஏறி ஓடியது. பிட்ச் குறைந்த காத்தாடியில் படகு முன்னைவிட வேகமாகப் போனது. முதலாளியால் அதை நம்ப முடியவில்லை. வேகம் காட்டும் கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

கொஞ்ச தூரம் போய் இரண்டு என்ஜினையும் அணைக்கச் சொன்னார். படகு தானாக ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்ன ஓய்வு இதுதான் போல என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் கேட்டார்:

“ஏனுங்க அம்மிணி, இதைவிடப் பெரிய என்ஜினா ரெண்டு வெச்சா?”

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். படகோட்டியும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அதே கேள்விதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

திருப்பூருக்குத் திரும்பியதும் எங்கள் கடைக்காரர், கஸ்டமர் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டதற்காக என்னைத் திட்டினார். அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். கணவர் வேண்டாமென்று சொல்லவில்லை. சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக்காரர்கள், இங்கே சாயப்பட்டறைக்காரர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்களிடம் போய், கடை சார்பில் இல்லாமல் தனியாகவே கணக்குப் போட்டுக் கொடுக்கத் தொடங்கினேன். பெரிதாக எழுதித் தரச் சொன்னவர்கள் உண்டு. முடியாது என்று எழுந்து வந்ததில் சில இடங்களை இழந்தேன். முதல் வருஷம் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் ஏற்றுமதி படுத்துவிட்டது. ஆர்டர்கள் நின்றன. முதலாளி படகை ராமேஸ்வரம் பக்கம் ஒருவருக்கு விற்றுவிட்டார். மொத்தம் பத்துப் பதினைந்து தரம்தான் கடலுக்குப் போயிருப்பார். படகோடு படகோட்டியும் போய்விட்டார். ஒரு நாள் அவரே போனில் கூப்பிட்டார். காற்றுச் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசினார்.

“சும்மாதாம்மா கூப்பிட்டேன். வண்டி நல்லா ஓடுது. நீங்க ஒரு தடவ வந்து ஏறிப் பாக்கணும்லா? எப்ப வாரிய?”

வருகிறேன் என்றேன். மறுநாள் காலை ஒரு சாயப்பட்டறையில் பதினாறு மோட்டார்களை எண்ண வேண்டியிருந்தது. இன்னும் போகவில்லை.